நடு ஹாலில் படுக்க வேண்டாம்

பி பிளாக், மூணாவது மாடி,
ஏரிக்கரை குடியிருப்பு, செஞ்சி
16.6.2024

அன்புள்ள மாமாவுக்கு தனம் எழுதறது. இங்க நானும் பாப்பாவும் நல்லா இருக்கோம். அங்க உங்க உடம்பு எப்படி இருக்குது, இடுப்பு வலி விட்டுதா, மாத்திரை ஒழுங்கா குடுக்கறாங்களா, எல்லாம் எழுதவும்.

போன மாசம் கடலூர் வந்து உங்களைப் பாத்துட்டுத் திரும்பினதுலேர்ந்து மனசே சரியில்ல. கம்பி வலைக்கு அந்தாண்ட நின்னு நீங்க இன்னமோ சொன்னீங்க. பக்கத்துல இருந்தவங்க போட்ட சத்தத்துல ஒண்ணும் காதுல விழல. தலைய மட்டும் ஆட்டிட்டு வந்துட்டேன். ஜெயில் போன்ல கூப்புடறீங்க, நான் அழுது முடிக்கறதுக்குள்ள கட்டாயிடுது. அதான் இனிமே லெட்டர் எழுதறதுன்னு முடிவு பண்ணிட்டேன். எழுதும்போது அழுதா யாருக்குத் தெரியப்போவுது.

பாப்பா எட்டாவது போவுது. உங்க மாதிரியே நெட்டையா வளருது. போன வருஷத்துப் பாவாடை முட்டிக்கு ஏறிப்போச்சு. நான் நெல்லு மூட்டை ஏலம் விடற அதே கமிட்டியில கூட்டிப் பெருக்கற வேலைதான். கீழ் வீட்டு அமலா அக்காதான் நமக்கு இங்க சொந்தம் மாதிரி. தையல் மிஷினை மிதிச்சுக்கிட்டே பாப்பாவுக்குக் கணக்கு சொல்லிக்குடுக்கும்.

வீட்டைப் பத்தி கேட்டிருந்தீங்க. தண்ணி மோட்டார் ரிப்பேர் ஆகி ரெண்டு மாசம் ஆச்சு. கீழேர்ந்து குடத்துல தூக்கறேன். இன்னும் ஒண்ணு. ஹால் மேல்தளத்துல மஞ்சளா ஒரு கறை வந்திருக்குது. மொதல்ல தட்டு அகலம் இருந்துது, இப்ப முறம் அகலம் ஆயிடுச்சு. நீங்க மேஸ்திரியாச்சே, அதுக்கு இன்னா பூசணும்னு சொல்லுங்க.

பனமலை வேலைக்கு நீங்க அன்னிக்குப் போகாம இருந்திருந்தா, போனாலும் அந்த ஆளோட சண்டை வராம இருந்திருந்தா, வந்தாலும் நீங்க அவனைத் தள்ளாம இருந்திருந்தா, தள்ளினாலும் அவன் சாரத்துலேர்ந்து விழுந்து சாகாம இருந்திருந்தான்னு, குடம் தூக்கிக்கிட்டு படி ஏறும்போதெல்லாம் நினைச்சுக்கறேன். மூணு மாடி ஏறி முடியற வரைக்கும் அது ஓடுது.

இன்னும் ஒரு வருஷம்தானே. ஓட்டிடலாம்.

உங்கள்,
தனம்

~

மத்திய சிறை, கடலூர்
9.7.2024

அன்பு மனைவி தனத்துக்கு அரிகிருஷ்ணன் எழுதிக்கொண்டது. நான் நலம். உன் நலமும் மதுமதி பாப்பா நலமும் அறிய ஆசை. இடுப்பு வலி பரவாயில்லை.

உன் லெட்டரை எத்தனை தடவை படிச்சேன்னு கணக்கில்ல. மடிப்பு கிழிஞ்சு போச்சு, பேக்கரியில பசை வாங்கி ஒட்டி வச்சிருக்கேன். ஆமா, என்னை இப்ப ஜெயில் பேக்கரியில போட்டுட்டாங்க. கலவை போட்ட கை, இப்ப மாவு பிசையுது. ரொட்டி வேகற வாசனை வந்தா, நீ அடுப்புல எதையோ வச்சு மறந்துட்டியோன்னு தோணும். திரும்பிப் பாப்பேன்.

அங்க மழை ஆரம்பிச்சுதா? ராஜகிரிக் கோட்டை மேல மேகம் இறங்கி, உச்சியில இருக்கற கட்டடம் மறைஞ்சு போவுமே, அதைப் பாத்தா எனக்கு எழுது. நீ கொடியில துணி எடுக்க ஓடுவே, நான் உக்காந்து சிரிப்பேன், நீ திட்டுவே. அந்தத் திட்டைக்கூட எழுது.

மேல்தளம் கறைக்கு ஒண்ணும் பூச வேணாம். வெறும் ஓதம்தான். வெள்ளைச் சுண்ணாம்பு ஒரு கை அடிச்சா போதும்.

ஒரு விஷயம். பாப்பாவை ஜன்னல் ஓரமா படுக்கச் சொல்லு. நீயும் அங்கயே படு. நடு ஹாலில் படுக்க வேண்டாம். ஜன்னல் பக்கம் காத்து வரும்.

இப்படிக்கு உன்
அரிகிருஷ்ணன்

~

செஞ்சி
11.8.2024

அன்புள்ள மாமாவுக்கு, நாங்க ரெண்டு பேரும் சௌக்கியம். ஆடி அமாவாசைக்கு மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போயி உங்க பேருக்கு ஒரு எலுமிச்சம்பழம் வச்சு வேண்டிக்கிட்டு வந்தேன். ஸ்பெஷல் பஸ்ஸுல நசுங்கிட்டேன். உங்க உடம்பைப் பாத்துக்குங்க.

காத்து வரும்னு எழுதியிருந்தீங்க. ஜன்னல் பக்கம் காத்தா வருது மாமா, கொசுதான் வருது. ஆனாலும் நீங்க சொல்லிட்டீங்கன்னு பாப்பாவும் நானும் ஜன்னல் ஓரத்துக்கு மாறிட்டோம்.

கொசு ஏன் வருதுன்னா, பின்னாடி கக்கூஸ் தொட்டி ரொம்பி வழியுது. மூணு மாசமா அள்ளலை. அமலா அக்கா வீடு கீழ இல்லையா, அது வீட்டு பாத்ரூம் ஓட்டையிலேர்ந்து எல்லாம் மேல வருது. செங்கல்லு மேல பலகை போட்டு, பலகை மேல மிஷினை ஏத்தி வச்சு தைக்குது. தைக்கக் குடுத்த துணியில நாத்தம் அடிக்குதுன்னு கல்யாண வீட்டுக்காரங்க ஜாக்கெட்டை எல்லாம் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க. அக்கா பலகையைக் கழுவுச்சு, மறுபடியும் உக்காந்துச்சு.

நாங்க பன்னெண்டு பொம்பளைங்க சேந்து, வீடு குடுத்த வாரிய ஆபீசுக்குப் போனோம். ஒருத்தரு உக்காந்திருந்தாரு. "ஓசியில வீடு குடுத்தா, அதுல லிப்டு வேணும், பன்னீரு தெளிக்கணும்னு வருவீங்களா?"ன்னு கேட்டாரு. அமலா அக்கா, "சார், நாங்க லிப்டு கேக்கல, பீ வராத வீடு கேக்கறோம்"னுச்சு. அவரு முகம் சிவந்து போச்சு. மனுவை வாங்கி வச்சுக்கிட்டாரு.

சுண்ணாம்பு அடிச்சேன். ஒரு வாரத்துல மறுபடியும் மஞ்சளாயிடுச்சு. சமையல் ரூமுல ஒரு தட்டு அளவுக்குப் பூச்சு விழுந்துச்சு. நல்லவேளை நான் கமிட்டியில இருந்தேன். விழுந்த இடத்துல கம்பி தெரியுது, துரு புடிச்சு செதில் செதிலா இருக்குது. வீட்டுக்கு வர்றவங்க கிட்ட எல்லாம், "இந்த பிளாக்கு எங்க மாமா கையால கட்டினது, மூணாவது மாடிக்கு அவருதான் மேஸ்திரி"ன்னு பெருமை பேசினவ நான். இப்ப அவங்க மேல பாத்துட்டு என்னைப் பாக்கறாங்க. பூச்சு மட்டும்தான் கோளாறா, இல்ல உள்ளயே இன்னாவாவது இருக்குதா? நீங்க சொன்னா எனக்கு தைரியமா இருக்கும்.

நைனா, நான் மதுமதி. அம்மா இதுல ரெண்டு வரி எழுதச் சொன்னாங்க. நான் இப்ப அம்மாவை விட ஒரு விரல் உசரம். நீங்க சீக்கிரம் வாங்க. உங்க குரல் எப்படி இருக்கும்னு போன்ல கேக்கறப்ப தெரியுது, போன் வச்சதும் மறந்துடுது.

உங்கள்,
தனம்

~

கடலூர்
15.9.2024

அன்பு தனத்துக்கு. நலம். நீயும் பாப்பாவும் நலமா?

பாப்பா எழுதின ரெண்டு வரியைப் படிச்சதுலேர்ந்து சோறு இறங்கல.

நான் ஒண்ணு சொல்றேன், கேளு. பாப்பாவைக் கூட்டிக்கிட்டு மேல்மலையனூர்ல உங்க அக்கா வீட்டுக்குப் போயிடு. நான் வர்ற வரைக்கும் அங்கயே இரு. ஐப்பசி மழை புடிக்கறதுக்கு முன்னாடி போயிடு. ஏன்னு கேக்காதே. வீட்டைப் பூட்டிட்டுப் போ.

அரிகிருஷ்ணன்

~

செஞ்சி
6.10.2024

மாமாவுக்கு, நாங்க நல்லாத்தான் இருக்கோம். நீங்களும் நல்லா இருக்கணும்.

உங்க லெட்டரைப் படிச்சுட்டு இருவது நாளா பதில் எழுதல. இன்னா எழுதறதுன்னு தெரியல. வீட்டைப் பூட்டிட்டு அக்கா வீட்டுக்குப் போன்னா இன்னா அர்த்தம் மாமா? ஏன்னு கேக்காதேன்னா இன்னா அர்த்தம்?

யாராவது என்னைப் பத்தி உங்க காதுல ஓதினாங்களா? புருஷன் ஜெயில்ல, பொண்டாட்டி மூணாவது மாடியில ஒத்தையில இருக்கறா, கமிட்டியில ஆம்பளைங்க நடுவுல வேலை செய்யறான்னு எவனாவது வந்து சொன்னானா? அஞ்சு வருஷமா தலை குனிஞ்சு போயி தலை குனிஞ்சு வர்றேன். படியில யாராவது எதிர்ல வந்தா சுவரு பக்கம் திரும்பி நின்னுக்கறேன். அதுக்கு இதான் கூலியா?

அக்கா வீட்டுல அவங்களே ஆறு பேரு. அக்கா வீட்டுக்காரரு ஒரு நாள் சிரிப்பாரு, ரெண்டாம் நாள் சிரிப்பாரு. பாப்பா ஸ்கூலுக்கு எங்க போவும்? இந்த வீடு தனகோட்டின்னு எம் பேருல வந்த வீடு. ஏரிக்கரை குடிசையில பாம்பு ஏறுதுன்னு பாப்பாவை மடியிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்த காலம் உங்களுக்கு மறந்துடுச்சா? குலுக்கல்ல நம்ம பேரு வந்த அன்னிக்கு நீங்க சிரிச்சீங்களே, பைத்தியக்காரன் மாதிரி. இந்த வீட்டுல நாம சேந்து வாழ்ந்தது பதினாலே மாசம். அது இருக்குது இங்க. கதவுக்குப் பின்னாடி நீங்க ஆணி அடிச்சு மாட்டின சட்டை அப்படியே தொங்குது. அதை விட்டுட்டு நான் எங்கயும் போக மாட்டேன்.

நீங்க வந்து கதவைத் தட்டும்போது நான் உள்ள இருப்பேன். இதான் என் பதில்.

தனம்

~

கடலூர்
2.11.2024

என் தனத்துக்கு.

உன்னை நான் சந்தேகப்பட்டேன்னு நினைச்சியா? அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்திருந்தா என் நாக்கு அழுகிப் போவட்டும். ஆணியில தொங்கற சட்டையைப் பத்தி நீ எழுதினதைப் படிச்சுட்டு, மாவுல தண்ணி அதிகமா ஊத்திட்டேன். வார்டர் திட்டினாரு. அவரு திட்டறது எனக்குக் கேக்கவே இல்ல.

நேத்து கண்ணை மூடினா நீ தலை துவட்டிக்கிட்டு வர்றே. ஈரம் சொட்டுது. கையை நீட்டறேன். பக்கத்துல படுத்திருக்கறவன், "யோவ், இன்னா வேணும்?"னான்.

உன்கிட்ட சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்குது. நீயோ பாப்பாவோ செஞ்சது இல்ல. என்னைப் பத்தினது. லெட்டர்ல எழுத வரல. நாலு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். மே மாசம் வெளிய வந்து நேர்ல சொல்றேன். அது வரைக்கும் ஜன்னல் ஓரத்தை விட்டு நகராதீங்க. இந்த ஒண்ணை மட்டும் எனக்காகச் செய்.

உன்
அரிகிருஷ்ணன்

~

செஞ்சி
9.12.2024

புயல் வந்தது உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். சனிக்கிழமை ஆரம்பிச்ச மழை ஞாயித்துக்கிழமை பூரா விடல. சங்கராபரணி ஆறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுச்சு. ஏரி ரொம்பி நம்ம குடியிருப்புக்குள்ள வந்துடுச்சு. கீழ் வீடுங்கள்ல இடுப்பு வரைக்கும் தண்ணி, அதுல தொட்டித் தண்ணியும் கலந்து. நான்தான் கீழ போயி அமலா அக்காவைக் கையைப் புடிச்சு மேல கூட்டிக்கிட்டு வந்தேன். மிஷினையும் நானும் பாப்பாவும் தூக்கிக்கிட்டு வந்தோம். "உன் வீட்டுல இடம் இருக்குதாடி?"ன்னுச்சு. "எவ்வளவு பெரிய ஹாலு அக்கா, நடுவுல தாராளமா படு"ன்னேன்.

நான் சொன்னேன் மாமா. என் வாயாலதான் சொன்னேன்.

திங்கக்கிழமை மத்தியானம் மழை விட்டு வெயில் அடிச்சுது. ரெண்டு நாளா கண்ணு மூடாததுக்கு எல்லாருக்கும் அசதி. நானும் பாப்பாவும் ஜன்னல் ஓரம் சாஞ்சோம். அக்கா நடுவுல படுத்துச்சு. மூணு மணி இருக்கும். இடி விழுந்துச்சுன்னு நினைச்சேன். கண்ணைத் தொறந்தா வெள்ளைப் புகை மாதிரி தூசு. பாப்பா கத்துது. அக்கா கத்தல. மேல்தளம் நடுவுல கம்பியோட பேந்து அக்கா கால் மேல கிடக்குது. பக்கத்து வீட்டு ராஜாங்கம் அண்ணன் கடப்பாரை எடுத்துக்கிட்டு ஓடி வந்தாரு. தண்ணியில ஆம்புலன்ஸ் உள்ள வரல. கதவைக் கழட்டி, அதுல அக்காவைப் படுக்க வச்சு, நாலு பேரு இடுப்புத் தண்ணியில தூக்கிக்கிட்டுப் போனாங்க.

வலது காலை முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. மிஷின் மிதிக்கற கால்.

எங்க ரெண்டு பேரு மேல ஒரு கல்லு படல. ஒரு கீறல் இல்ல.

ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து ஒரே ஒண்ணைத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். எந்த இடம் விழும்னு கடலூர்ல உக்காந்துக்கிட்டு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

தனகோட்டி

~

கடலூர்
20.12.2024

தனம்,

இந்த லெட்டரை ஆபீசர் படிச்சுட்டுத்தான் அனுப்புவாரு. படிக்கட்டும்.

நம்ம வீட்டு மேல்தளம் போட்ட அன்னிக்கு நான்தான் அங்க மேஸ்திரி. அது உனக்குத் தெரியும். மிச்சம் தெரியாது. காலையில சிமெண்ட் வந்து இறங்கிச்சு, ஒன்பது மணிக்கு அதுல பாதி வேற வண்டியில ஏறிப் போச்சு. மணல்னு கொட்டினது ஏரிச் சவுடு. கையில புடிச்சுக் கசக்கினா சேறா ஒட்டுச்சு. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல நாலு விரல் இருக்கணும், ஒரு சாண் இருந்துச்சு. கம்பிக்கு அடியில சின்ன கல்லு வச்சுத் தூக்கினாதான் காங்கிரீட்டு சுத்திப் பாயும், துரு புடிக்காது. அதுகூட வைக்கல. பலகை மேலயே கம்பியைக் கிடத்தினோம். நடு ஹாலுக்கு வரும்போது கலவை தீந்து போச்சு. மிச்சம் மீதியை வழிச்சு, தண்ணி ஊத்திக் கரைச்சு, அதுல ஊத்தி மட்டம் பண்ணினேன். நான் பண்ணினேன். இந்தக் கையால.

காண்ட்ராக்டர் பூபதி கிட்ட ஒரு வார்த்தை கேட்டேன். "அண்ணே, இது நிக்காது." அவரு சிரிச்சாரு. "நிக்கற வரைக்கும் நிக்கட்டும்டா. ஏரிக்கரை ஜனம்தானே வரப்போவுது." "நானும் ஏரிக்கரைதான் அண்ணே." "அப்படியா? உன் பொண்டாட்டி பேரை லிஸ்ட்டுல சேத்துடறேன். போயி வேலையைப் பாரு."

போயி வேலையைப் பாத்தேன் தனம். அதுக்கு அப்புறம் வாயைத் தொறக்கல. நமக்கு ஒரு வீடு வரப்போவுதுன்னு இருந்தேன். வேற எவனோ அந்த ஹாலுல படுப்பான்னு இருந்தேன். குலுக்கல்ல நம்பரு வந்துச்சு. அதே பிளாக்கு, அதே மாடி, அதே வீடு. நான் பைத்தியக்காரன் மாதிரி சிரிச்சேன்னு எழுதினியே, அது சந்தோஷத்துல இல்ல.

அந்தப் பதினாலு மாசமும் உங்க ரெண்டு பேரையும் ஓரத்துல படுக்க வச்சுட்டு நடுவுல நான்தான் படுத்தேன். விழுந்தா எம் மேல விழட்டும்னு. மேல பாத்துக்கிட்டே படுத்திருப்பேன். ஏன் தூக்கம் வரலைன்னு நீ கேப்ப. உஷ்ணம்னு சொல்லுவேன். இடிச்சுட்டு மறுபடியும் போடுங்கன்னு யார்கிட்டயாவது போயி சொல்லியிருக்கணும். சொன்னா வீடு போயிடும். நீ அந்த வீட்டைத் துடைச்சுத் துடைச்சு வச்சதைப் பாத்துட்டு எப்படிச் சொல்லுவேன்? இப்படித் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். அப்புறம் பனமலை நடந்துச்சு, இங்க வந்துட்டேன்.

என் பொண்டாட்டி புள்ளைக்கு ஜன்னல் ஓரம் சொன்னவன், பிளாக்குல இருக்கற மத்தவங்களுக்கு ஒண்ணும் சொல்லல. பனமலையில அந்த ஆளு செத்தது ஒரு நொடி கோவத்துல. இது அப்படி இல்ல. ஏழு வருஷம் எனக்கு நேரம் இருந்துச்சு.

அமலா அக்கா கிட்ட இதைப் படிச்சுக் காட்டு. 

அரிகிருஷ்ணன்

~

கடலூர்
19.1.2025

தனத்துக்கு,

ஒரு மாசம் ஆச்சு, பதில் இல்ல. போன் பண்ணேன், ரிங் போயி நின்னுடுச்சு. பொங்கல் அன்னிக்கும் பண்ணேன். பாப்பாவாவது எடுக்கும்னு நினைச்சேன்.

தபால் வர்ற நேரத்துல பேக்கரி வாசல்ல போயி நிக்கறேன். பேரு கூப்புடும்போது எல்லாப் பேரும் என் பேரு மாதிரியே ஆரம்பிக்குது.

நீ எழுத வேணாம். நான் சொல்றதை மட்டும் தெரிஞ்சுக்க. போன வாரம் சூப்பிரண்டு ஐயா கிட்ட எழுதிக் குடுத்துட்டேன், கலெக்டருக்கு அனுப்பச் சொல்லி. தளம் போட்ட அன்னிக்கு நடந்தது எல்லாம், யாரு யாரு இருந்தாங்கன்னு, பூபதி பேரு, கையெழுத்துப் போட்ட இன்ஜினீயருங்க பேரு, என் பேரு. ஐயா படிச்சுட்டு, "நாலு மாசத்துல வெளிய போற ஆளு நீ. இதைக் குடுத்தா உம் மேலயும் கேஸ் வரும். யோசிச்சுக்கோ"ன்னாரு. "யோசிச்சுத்தான் ஐயா இங்க வரைக்கும் வந்துடுச்சு"ன்னேன். வாங்கிக்கிட்டாரு.

பொங்கலுக்குப் பாப்பாவுக்குத் துணி எடுத்தியா?

அரிகிருஷ்ணன்

~

திண்டிவனம்
16.2.2025

தம்பி அரிகிருஷ்ணனுக்கு, பி பிளாக் கீழ் வீட்டில் இருந்த அமலா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் உயிரோடு இருக்கிறேன். இப்போது திண்டிவனத்தில் என் கூடப் பிறந்தவன் வீட்டில் இருக்கிறேன். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

தனம் ஆஸ்பத்திரியில் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் லெட்டரைப் படித்தாள். பாதியில் அவளால் முடியவில்லை. நான் வாங்கி மிச்சத்தைப் படித்தேன். அவள் என் முகத்தையே பார்க்கவில்லை. அவளைத்தான் நான் தேற்ற வேண்டி வந்தது.

மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன் தம்பி. எங்கள் சாமியார் மன்னிக்கச் சொல்கிறார். பார்க்கலாம். காலையில் எழுந்ததும் இல்லாத காலைக் கீழே வைக்கப் போகிறேன். அப்போது உங்கள் ஞாபகம் வருகிறது. அந்த நேரத்தில் மன்னிக்க வரவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மனு போன பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். மிஷின் வைத்துத் தளத்தில் துளை போட்டு, உருளை உருளையாக எடுத்துப் போனார்களாம். ஒரு துண்டு எடுக்கும்போதே கையில் உதிர்ந்துவிட்டதாம். ராஜாங்கம் வந்து சொன்னார். பி பிளாக்கும் சி பிளாக்கும் சீல் வைத்துவிட்டார்கள். எல்லாரையும் வெளியே எடுத்துவிட்டார்கள். அறுபத்து நாலு வீடு. நாங்கள் பன்னிரண்டு பேர் போய் நின்றபோது அசையாதது, உங்கள் ஒரு காகிதத்தில் அசைந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. முன்னாலேயே எழுதியிருக்கலாமே என்று.

எழுதினதை மாற்றிப் பேசாதீர்கள். பூபதியின் ஆட்கள் உங்களிடம் வருவார்கள். கோர்ட்டில் என்னை நிற்க வைப்பார்கள், நான் ஒற்றைக் காலில் நிற்பேன். நீங்கள் ரெண்டு காலில் நின்று உண்மையைச் சொல்லுங்கள். உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்.

தனம் ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். அதை அவள்தான் சொல்ல வேண்டும்.

இங்ஙனம்,
அமலா

~

கடலூர்
20.4.2025

தனத்துக்கு,

இந்த லெட்டர் உனக்கு வந்து சேருமான்னே தெரியல. பி பிளாக்கு சீல் வச்சாச்சுன்னு அமலா அக்கா எழுதினாங்க. நீ எங்க இருக்கேன்னு எழுதல. கமிட்டி விலாசம் போட்டிருக்கேன்.

பூபதி ஆளு ரெண்டு தடவை மனுப் போட்டு என்னைப் பாக்க வந்தான். "மப்புல எழுதினேன்னு சொல்லிடு, வெளிய வந்ததும் உனக்கு ஒரு வழி பண்றோம்"னான். ஜெயில்ல ஏதுடா மப்புன்னேன். போயிட்டான். மறுநாள் போலீஸ் வந்து வாக்குமூலம் வாங்கினாங்க. எழுதினதை அப்படியே சொன்னேன். மூணு மணி நேரம் ஆச்சு. முடிஞ்சதும் இன்ஸ்பெக்டர், "உன்னை சாட்சியா வைக்கறதா, குற்றவாளியா வைக்கறதான்னு மேல கேக்கணும்"னாரு.

மே பதினெட்டு காலையில என்னை விடறாங்க. வாசல்லயே ஜீப் வச்சுக்கிட்டு நின்னாலும் நிப்பாங்க. அதனால நீ வர வேணாம். வெயில்ல வந்து அதைப் பாக்க வேணாம்.

அஞ்சரை வருஷமா, வெளிய போனா முதல்ல இன்னா பண்ணுவேன்னு தினம் யோசிப்பேன். நீ படியில ஏறி வருவே, குடத்தை வாங்கிக்குவேன்னு. இப்ப அந்தப் படியே இல்ல. நீ எங்கயோ ஒரு குழாயில தண்ணி புடிச்சு எங்கயோ தூக்கிக்கிட்டுப் போற. எந்தப் பக்கம் திரும்பி உன்னை நினைக்கறதுன்னு தெரியாம இருக்கேன்.

பாப்பா கிட்ட நான் செஞ்சதைச் சொல்லிட்டியா? நீ சொல்லலைன்னா நான் சொல்றேன்.

அரிகிருஷ்ணன்

~

அரிசி மில் பின்புறம், செஞ்சி
11.5.2025

மாமாவுக்கு,

உடம்பு எப்படி இருக்குது? எங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல.

உங்க ஜனவரி லெட்டரையும் இந்த லெட்டரையும் நேத்துதான் ஒண்ணாப் பிரிச்சேன். கமிட்டியில நெல்லு மூட்டைக்கு நடுவுல உக்காந்து. அதுவரைக்கும் உங்க எழுத்தைப் பாக்கவே புடிக்கல. இன்னா கோவம்னு கேட்டா எனக்கே சரியா சொல்ல வரல. நீங்க சிமெண்டுல தண்ணி ஊத்தினதுக்கா? அதுகூட இல்ல மாமா. ஏழைங்க நாம, வேலை குடுக்கறவன் சொன்னதைச் செஞ்சீங்க. ஆனா அந்த வீட்டுல என் பக்கத்துல படுத்துக்கிட்டு உஷ்ணம்னு சொன்னீங்களே. அதான். ஓரமா படுன்னு எழுதத் தெரிஞ்ச கைக்கு, ஏன்னு எழுதத் தெரியலையே. எழுதியிருந்தா அக்காவை நான் நடுவுல படுக்க வச்சிருப்பேனா? உங்க பாவத்துல பாதியை எனக்குத் தெரியாமலே எம் மேல ஏத்திட்டீங்க.

இங்க நடந்ததைச் சொல்றேன். பி பிளாக்கையும் சி பிளாக்கையும் இடிக்கச் சொல்லி ஆர்டர் வந்துடுச்சு. பூபதியைப் புடிச்சாங்க, ஜாமீன்ல வந்துட்டான். ரெண்டு இன்ஜினீயருங்களை சஸ்பெண்ட் பண்ணியிருக்காங்க. எங்களை ரெண்டு மாசம் கல்யாண மண்டபத்துல வச்சிருந்தாங்க, அப்புறம் வாடகைக்குப் பாத்துக்கோங்கன்னுட்டாங்க. புது வீடு ரெண்டு வருஷத்துலன்னு சொல்றாங்க. நீங்க எழுதினதுனாலதான்னு சில பேரு கும்புடறாங்க. இருந்த வீட்டையும் கெடுத்துட்டாருன்னு சில பேரு நான் குழாய்க்குப் போனா குடத்தை நகத்தி வைக்கறாங்க. நான் என் குடத்தை ரொப்பிக்கிட்டு வந்துடறேன்.

நாங்க இருக்கறது ஒரே ரூம், தகரம் போட்டது. மே மாச வெயில்ல அடுப்பு மாதிரி இருக்குது. கதவு சாத்தினா மில்லுலேர்ந்து தவிடு பறந்து வந்து எல்லாத்து மேலயும் படியுது. ஆனா மேல தகரம்தான் இருக்குது, விழுந்தாலும் தகரம்தான்.

பாப்பா கிட்ட சொல்லிட்டேன். மூணாம் நாள், "நைனாவுக்கு பயமா இருந்திருக்கும்மா"ன்னுச்சு. எனக்கு அது வரைக்கும் தோணவே இல்ல. உங்களைக் கோவக்காரரா பாத்திருக்கேன், சிரிச்சுப் பாத்திருக்கேன். பயந்தவரா நான் பாத்ததில்ல. பாத்திருந்தா கேட்டிருப்பேன்.

வர வேணாம்னு எழுதியிருக்கீங்க. வருவேன். பதினெட்டாம் தேதி காலையில முதல் பஸ்ஸுக்கே பாப்பாவும் நானும் கிளம்பறோம். கேட்டுக்கு எதிர்ல நிப்போம். ஜீப்புல ஏத்தினாங்கன்னா, எந்த ஸ்டேஷன்னு கேட்டுக்கிட்டு பின்னாடியே வருவோம். வக்கீலுக்கு ராஜாங்கம் அண்ணன் சொல்லி வச்சிருக்காரு.

ஏத்தலைன்னா, மூணு பேரும் பாண்டி வழியா திண்டிவனம் பஸ் ஏறறோம். செஞ்சி பஸ் வந்து நின்னாலும் ஏறக் கூடாது. அமலா அக்கா வீடு பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடக்கற தூரம்தான். அக்கா கிட்ட நான் சொல்லிட்டேன். "வரட்டும், காப்பி போட்டு வைக்கறேன்னு எல்லாம் நினைச்சுக்காதே"ன்னுச்சு. சரின்னேன். முன்னாடி நீங்க போங்க. நான் தெருமுனையில நிக்கறேன். அக்கா இன்னா சொல்லுதோ சொல்லட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும். நீங்க வெளிய வந்தப்புறம் நாம செஞ்சிக்குப் போலாம்.

அது வரைக்கும் நான் உங்ககூட ஒரு வார்த்தை பேச மாட்டேன். பஸ்ஸுல பக்கத்துலதான் உக்காருவேன்.

தனம்